இடது பக்கத்து ஆள்

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரைக்கும்தான். அந்த ஐந்து வருடத்தில் எங்கள் பள்ளிக்கூடத்தில் பரிசளிப்பு விழா என்று ஒன்று நடந்தது ஒரே ஒரு முறை. அதில் பரிசு வாங்க வேண்டியவன் நான். வாங்கியது என் அக்கா. அதைச் சொல்லிச் சொல்லி எங்கள் தெருவில் வெகுநாள் சிரித்தார்கள். பிற்பாடு நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன். அந்த மாசி மாதத்தில் மட்டும் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பெரிய காஞ்சிபுரத்தில் எங்கள் தெரு முழுக்கத் தறி வீடுகள். தெருக்கோடியில் பள்ளிக்கூடம். அறைகள் நான்கு, வகுப்புகள் ஐந்து. மிச்சமான வகுப்பு வேப்பமரத்தடியில் உட்காரும். மழை வந்தால் அந்த வகுப்புக்கு மட்டும் விடுமுறை. அந்த வருடம் புதிதாக ஒரு தலைமையாசிரியர் வந்தார். ஓர் இடத்தில் நிற்க மாட்டார். மற்ற ஊர்ப் பள்ளிக்கூடங்களைப் போல நாமும் விழா எடுத்து, அரைப் பரீட்சையில் வகுப்புக்கு முதலாவதாக வந்த பிள்ளைகளுக்கு மேடையில் பரிசு கொடுக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. மாசிக் கடைசியில் விழா. பங்குனி உத்திரம் முடிந்தவுடன் முழுப் பரீட்சை. இரண்டையும் ஒரே மூச்சில் அறிவித்துவிட்டார்.

ஐந்தாம் வகுப்பில் நான்தான் முதல். கெட்டிக்காரன் என்று சொல்ல முடியாது. நான் கூச்சக்காரன். பதில் தெரிந்தாலும் கை தூக்க மாட்டேன். யாராவது என்னையே பார்த்தால் என் பெயர்கூட எனக்கு மறந்துவிடும். பரீட்சையில் அந்தத் தொல்லை இல்லை. எல்லோரும் அவரவர் தாளைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். என்னை யாரும் பார்க்காத அந்த இரண்டு மணி நேரத்தில் தெரிந்ததையெல்லாம் எழுதிவிடுவேன்.

இப்படி நன்றாக எழுதியதற்குத் தண்டனையாக, ஊரே பார்க்க மேடை ஏற வேண்டும் என்று இப்போது ஆகிவிட்டது.

அது ஒரு பயம். இன்னொரு பயமும் இருந்தது. ஐந்தாவது முடித்த பையன் தறியில் உட்காருவது எங்கள் தெருவில் பால்பல் விழுவது மாதிரி. அதை யாரும் கூடிப் பேசி முடிவு செய்வதில்லை. தானாக நடக்கும். எனக்கோ ஹைஸ்கூலுக்குப் போக வேண்டும். அங்கே ஆறாம் வகுப்புப் பையன்கள் தகரப் பெட்டியிலிருந்து காம்பஸை எடுத்து வட்டம் போடுவதை ஒரு நாள் வேலிக்கு வெளியே நின்று பார்த்திருக்கிறேன். கை நடுங்கினாலும் கோணாமல் வட்டம் வந்துவிடும் என்பது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

தலைமையாசிரியருக்கு எங்கள் தெரு வழக்கம் தெரியும். அதனால் ஒரு நாள் சாயங்காலம் வீட்டுக்கே வந்துவிட்டார்.

அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். அவர் தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டு நெய்துகொண்டிருந்தார். அவருக்கு இடது பக்கம் ஒட்டி அக்கா. எங்கள் ஊர்ப் பட்டுப் புடவையில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். வலது கரையை நெய்கிறவரே பார்த்துக்கொள்வார். இடது கரைக்கு இன்னோர் ஆள் வேண்டும். அந்த ஆள் உடல் நூலையும் கரை நூலையும் ஒவ்வோர் இழையாகக் கோர்த்து, கரைக்குள் ஓடுகிற நாடாவை இடது கையால் பிடித்து வலது கைக்கு விட வேண்டும். நாடா என்பது நூல் குழலை வயிற்றில் வைத்துக்கொண்டு பாவுக்குள், அதாவது தறியில் நீளவாட்டில் கட்டிய நூல்களுக்குள், ஓடும் சின்னப் படகு மாதிரி ஒரு கட்டை. இடது பக்கத்து ஆள் எழுந்து போனால் அப்பாவும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

அம்மா முக்காலியைப் போட்டாள். தலைமையாசிரியர் உட்காரவில்லை.

"இந்த வரிசை முடியட்டும் சார், எந்திரிக்கிறேன்" என்றார் அப்பா.

"எந்திரிக்கவே வேணாம்பா. நான் சொல்றத காதுல வாங்கிக்கினா போதும். உன் பையன் வகுப்புல மொதல். ஆறாவது சேத்தே ஆவணும். விழாவுக்கு நீ வரணும். இவன் பரிசு வாங்கும்போது உன்னைக் கூப்பிட்டு, எல்லாரும் பாக்க ஒரே ஒரு வார்த்தை கேப்பேன். சேக்கிறேன்னு சொல்லிடு. அவ்ளோதான்."

"பாக்கலாம் சார்."

எங்கள் வீட்டில் இது பெரிய குழப்பம் பிடித்த வார்த்தை. கடைக்காரர் முகூர்த்தப் புடவை சீக்கிரம் வேண்டும் என்றாலும் பாக்கலாம். நான் பலூன் கேட்டாலும் பாக்கலாம். முதலாவது எப்படியாவது நடந்துவிடும். இரண்டாவது நடந்ததே இல்லை. ஹைஸ்கூல் இதில் எந்தப் பக்கம் என்று அப்பாவின் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முயன்றேன். முகம் பாவு மேல் குனிந்திருந்தது.

தலைமையாசிரியர் போகிறபோது அக்காவைக் கவனித்தார். "இந்தப் பொண்ணும் நம்ம பள்ளிக்கூடந்தானா?"

"ஆமா சார்" என்றாள் அம்மா பெருமையாக. "இவளும் நல்லாத்தான் படிச்சா. அஞ்சாவது முடிச்சதும் ஒக்கார வெச்சோம். படிப்பு வந்த மாதிரியே வேலையும் வந்துடுச்சி."

அக்காவின் கையிலிருந்து நாடா நழுவித் தறிக்குழிக்குள் விழுந்தது.

"கை எங்க போவுது?" என்றார் அப்பா.

அக்காவுக்கு வைகாசியில் கல்யாணம் என்று முடிவாகியிருந்தது. மாப்பிள்ளை வீடு ஓரிக்கை. பாலாற்றுப் பக்கம் கொஞ்சம் நிலமும் ஒரு தறியும் அவர்களுக்கு உண்டு. பெண் பார்க்க வந்தவர்கள் முகத்தைப் பார்த்ததைவிட அவள் கரை கோர்ப்பதை அதிக நேரம் பார்த்தார்கள். திருப்தியாகப் போனார்கள். அவர்கள் போனதும் அம்மா கேட்டாள், "இவ போயிட்டா அந்தப் பக்கம் யாரு ஒக்காருவா?" அப்பா, "முசரவாக்கத்துலேருந்து தங்கச்சி பையன வரச் சொல்லலாம்" என்றார். முசரவாக்கத்து அத்தை பையன் என்னைவிட இரண்டு வயது பெரியவன். படிப்பை விட்டுவிட்டுச் சும்மா சுற்றிக்கொண்டிருந்தான். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. என் மனதிலும் முடிந்துவிட்டது.

விழா நெருங்க நெருங்கப் பள்ளிக்கூடத்தில் பாடம் குறைந்து ஒத்திகை அதிகமாயிற்று. பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டு மேடை. பரிசு வாங்குகிற ஐந்து பேரும் வரிசையாக ஏற வேண்டும். தலைமையாசிரியர் ஒரு சாக்பீஸ் டப்பாவைப் பரிசு மாதிரி நீட்டுவார். கும்பிட வேண்டும், வாங்க வேண்டும், கூட்டத்தைப் பார்த்துத் திரும்ப வேண்டும், மறுபடி கும்பிட வேண்டும், இறங்க வேண்டும்.

"ரெண்டு கையால வாங்கு. இல்ல, வலது கையால வாங்கு. வர்றவர் பெரிய கல்வி அதிகாரி. எவனாவது இடது கைய நீட்டினான்னு வையி, நம்ம பள்ளிக்கூடத்து மானமே போச்சு."

ஒன்றாம் வகுப்புப் பெண்கூடச் சரியாகச் செய்துவிட்டாள். நான் ஏறினால் பெஞ்சு ஆடியது. உண்மையில் ஆடியது என் கால். "டேய், பூகம்பம்டா!" என்று பையன்கள் கத்தினார்கள்.

வீட்டில் முழுப் பரீட்சைக்குப் படிப்பு. தறிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து உரக்கப் படிப்பேன். அக்கா இழையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டுக்கொண்டிருப்பாள். வாய்ப்பாட்டில் நான் தடுக்கினால் மிதிக்கட்டைச் சத்தத்தோடு சேர்த்து அடுத்த எண்ணை அவள் சொல்லிவிடுவாள். அப்பா ஒன்றும் சொல்ல மாட்டார். நான் படிக்கிறபோது வேலை நிற்காமல் ஓடுகிறது என்பதால் அவருக்கு அதில் ஆட்சேபம் இல்லை.

ஒரு நாள் அப்பா ஜரிகை வாங்கப் போயிருந்தார். தறி நின்றிருந்தது.

"எங்க, மேடையில எப்பிடி வாங்குவ? காட்டு" என்றாள் அக்கா. நாடாவை எடுத்துக்கொண்டு அதிகாரி மாதிரி வயிற்றைத் தள்ளிக்கொண்டு நின்றாள். நான் வாங்கினேன். தலை நிமிரவில்லை என்றாள். மறுபடி வாங்கினேன். கூட்டத்தைப் பார்க்கவில்லை என்றாள்.

"கூட்டம் எங்க இருக்குது? அம்மா ஒருத்திதான் இருக்குது" என்றேன்.

ராட்டை சுற்றிக்கொண்டிருந்த அம்மா, "என்னப் பாத்தே இவனுக்கு வேர்க்குதுடி" என்றாள்.

"சரி, நீ அதிகாரி. நான் நீ" என்று அக்கா நாடாவை என் கையில் கொடுத்தாள். வாசல் வரை போய் அங்கிருந்து நடந்து வந்தாள். கும்பிட்டாள். இரண்டு கையாலும் வாங்கினாள். அம்மா பக்கம் திரும்பி, தலை நிமிர்ந்து, இன்னொரு கும்பிடு. ஒரு தப்பு இல்லை. "இதுல இன்னாடா கஷ்டம்?" என்று கேட்டாள். அவள் முகம் சிவந்திருந்தது. விளையாட்டுக்கு இவ்வளவு மூச்சு வாங்குவானேன் என்று எனக்குப் புரியவில்லை.

விழா அன்று காலையிலிருந்தே நான் சட்டையைக் கழற்றிக் கழற்றிப் போட்டுக்கொண்டிருந்தேன். அப்பாவுக்கு முகம் சரியில்லை. தறியில் இருந்தது ஒரு கல்யாணப் புடவை. அன்று பொழுது சாய்வதற்குள் அறுத்து மடித்துக் கடையில் கொடுக்க வேண்டும். "வருவியா நைனா?" என்று கேட்க வாயெடுத்து மூன்று முறை மூடிக்கொண்டேன். எனக்காக அக்கா கேட்டாள்.

"பொடவ அறுத்தா வர்றேன்" என்றார். பாக்கலாம் என்று சொல்லவில்லை. அதையே நான் நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டேன்.

மூன்று மணிக்கே பள்ளிக்கூடத்தில் உட்கார வைத்துவிட்டார்கள். மேடைக்குப் பின்னால் யாருடைய வீட்டுப் புடவையோ திரையாகத் தொங்கியது. மேசை மேல் ஐந்து பரிசுகள் வரிசையாக இருந்தன. சின்ன வகுப்புகளுக்குச் சோப்பு டப்பா, பென்சில் கட்டு, தண்ணீர் குடிக்கிற டம்ளர். கடைசியில் மஞ்சள் நிறத்தில் ஒரு ஜாமெட்ரி பெட்டி. ஐந்தாம் வகுப்புக்கு அதுதான். ஆறாம் வகுப்பில்தான் அது தேவைப்படும். தலைமையாசிரியர் தெரிந்துதான் வாங்கியிருக்க வேண்டும்.

அதிகாரி தாமதமாகத்தான் வந்தார். கடவுள் வாழ்த்து, வரவேற்பு, மாலை, கைத்தட்டல் எல்லாம் முடிந்து அவர் பேச ஆரம்பித்தார். கல்வியின் பெருமையை நெடுநேரம் சொன்னார். நான் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆண்கள் பக்கம் தறிக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து பின்னால் நின்றார்கள். அப்பா இல்லை. பெண்கள் பக்கம் முன் வரிசையில் அக்கா வந்து உட்கார்ந்தாள். அவள் வந்துவிட்டாள் என்றால் கரை வேலை முடிந்துவிட்டது. இனி அறுக்கிறது மட்டும்தான், அதை அப்பா தனியாகவே முடித்துவிடுவார். மடிக்க எவ்வளவு நேரம், கடைக்கு நடக்க எவ்வளவு நேரம் என்று மனதுக்குள் கணக்குப் போட்டேன். அவர் நேரே இங்கே வந்தால் சரியாக இருக்கும். கடைக்குப் போய்விட்டு வந்தால் எல்லாம் முடிந்திருக்கும்.

பரிசு கொடுக்க ஆரம்பித்தார்கள். ஒன்றாம் வகுப்பு. இரண்டு. மூன்று. அப்பா வரவில்லை. நான்காம் வகுப்புப் பையன் டம்ளரை வாங்கிக்கொண்டு இறங்கினான்.

என் பெயர் ஒலிபெருக்கியில் வந்தது.

எழுந்தேன் என்றுதான் நினைத்தேன். பக்கத்துப் பையன் விலாவில் குத்தியபோதுதான் உட்கார்ந்தே இருக்கிறேன் என்று தெரிந்தது. இரண்டாம் முறை கூப்பிட்டார்கள். எல்லாத் தலைகளும் என் பக்கம் திரும்பின. "போடா... டேய், போயேண்டா" என்று பையன்கள் தள்ளினார்கள். மண்ணில் நட்டு வைத்த மாதிரி இருந்தேன். தலைமையாசிரியர் மூன்றாம் முறை கூப்பிட்டபோது அவர் குரல் கெஞ்சியது. அதிகாரி பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தார்.

அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து அக்கா எழுந்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மேடையை நோக்கி நடந்தாள். யாரும் தடுக்கத் தோன்றாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் ஏறிய பிறகுதான் தலைமையாசிரியருக்கு வாய் வந்தது.

"ஏம்மா, நீ எதுக்கு?"

"அவன் கூச்சப்படுறான் சார். நான் வாங்கிக்கிறேன்."

அதிகாரிக்கு முடிந்தால் போதும் என்று இருந்திருக்கும். பெட்டியை நீட்டினார்.

அக்கா இடது கையை நீட்டினாள்.

அதிகாரி பெட்டியைச் சட்டென்று பின்னுக்கு இழுத்துக்கொண்டார். "எந்தக் கையில வாங்கணும்னு உங்க வீட்ல சொல்லித் தரலியா?" என்றார். ஒலிபெருக்கி அவர் வாய்க்குப் பக்கத்திலேயே இருந்தது. தெருவுக்கே கேட்டது.

அக்கா தன் கையை, அது வேறு யாருடையதோ என்கிற மாதிரி பார்த்தாள். பிறகு அதை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். வலது கையை நீட்டியிருக்கலாம். அதையும் நீட்டவில்லை. கீழே நானும் மேலே அவளும் அசையாமல் இருந்தோம். ஒரே வீட்டில் இரண்டு பேருக்கு ஒரே நேரத்தில் இப்படி ஆயிற்று.

"சார்!"

ஆண்கள் பக்கத்துக் கடைசியிலிருந்து அந்தக் குரல் வந்தது. அப்பா. கக்கத்தில் வெள்ளைத் துணி சுற்றிய புடவை மூட்டை. கடைக்குப் போகாமல் நேராக வந்திருக்கிறார். நாலு பேர் நடுவில் அவர் குரலை உயர்த்தி நான் அதற்கு முன் கேட்டதில்லை.

"அது நாடா புடிக்கிற கை சார்! பத்து வயசுலேருந்து நான் பழக்குன கை. அந்தக் கைதான் முன்னால வரும். அதுக்கு மரியாத தெரியலன்னு சொல்லாதீங்க சார்!"

தறிக்காரர்கள் சிரிக்க ஆரம்பித்தார்கள். அவர்களுக்கு உடனே புரிந்துவிட்டது. "ஆமா சார், எங்க வூட்லயும் இதே கததான்!" என்றார் ஒருவர். "இடது கை வரலன்னா நாடா பல்ல ஒடைச்சிடும் சார்!" என்றார் இன்னொருவர். பெண்கள் பக்கமும் சிரிப்பு பரவியது. தலைமையாசிரியர் அதிகாரியின் காதில் ஏதோ விளக்கினார். அதிகாரி, "ஓகோ, அப்படியா. சரி, சரி" என்று தானும் கொஞ்சம் சிரித்து, பெட்டியை மறுபடி நீட்டினார்.

இந்த முறை இரண்டு கையாலும் வாங்கினாள். கும்பிட்டாள். கூட்டத்தின் பக்கம் திரும்பினாள். தலை நிமிர்ந்து இன்னொரு கும்பிடு. வீட்டில் எனக்குச் செய்து காட்டியதை ஒன்றுவிடாமல் செய்தாள். செய்து முடித்த பிறகும் இறங்கவில்லை. பெட்டியை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தின் அறைகளை, வேப்பமரத்தை, கூட்டத்தை எல்லாம் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"போதும்மா, இறங்கு" என்றார் தலைமையாசிரியர்.

அவள் இறங்கியதும் அவர் விட்ட இடத்தைப் பிடித்துக்கொண்டார். ஒலிபெருக்கியிலேயே கேட்டார். "பையனோட அப்பா வந்துட்டாரு. அங்கயே நின்னு சொல்லட்டும். என்னப்பா, ஆறாவது சேக்கிறியா?"

இப்போது எல்லாத் தலைகளும் அப்பா பக்கம். அவர் மூட்டையை ஒரு கக்கத்திலிருந்து இன்னொரு கக்கத்துக்கு மாற்றினார். என்னைப் பார்க்கவில்லை. கீழே நின்ற அக்காவைப் பார்த்தார்.

"பரீட்ச முடியட்டும் சார்" என்றார்.

தலைமையாசிரியர் சேர்க்கிறேன் என்று சொன்னதுபோலவே கைதட்டினார். அவர் தட்டியதால் எல்லோரும் தட்டினார்கள். நானும் அதை அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். இனி எல்லாம் என் கையில், முழுப் பரீட்சையில் இருக்கிறது என்று நினைத்தேன்.

ஆனால் அக்காவிடம் பேசுவதை நிறுத்திவிட்டேன். மறுநாளே பள்ளிக்கூடத்தில் என் பெயர் போய்விட்டது. 'பீச்சாங்கை தம்பி' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். நான் போகாததால் அவள் போனாள் என்பதை நான் வசதியாக மறந்துவிட்டேன். மஞ்சள் பெட்டியை அவள் நீட்டியபோது, "நீயே வெச்சிக்கோ" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவள் அதைத் தறிக்குப் பக்கத்து மாடத்தில், தன் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்தாள். வட்டம் போடுகிற ஆசையை அடக்கிக்கொண்டு அந்தப் பக்கம் பார்க்காமலே படித்தேன். வாய்ப்பாட்டில் தடுக்கினால் அவள் அடுத்த எண்ணைச் சொல்வதற்குள் அவசரமாக ஏதோ ஓர் எண்ணைச் சொல்லிவிடுவேன்.

அந்த நாட்களில் வீட்டில் ஒரு சண்டை. நான் வாசலில் உட்கார்ந்து பூகோளம் படித்துக்கொண்டிருந்தேன். உள்ளே தறி நின்றது.

"ஒரு வருசம் தள்ளி வெய்யி நைனா. அடுத்த வைகாசில வெச்சிக்கலாம். அத்த பையன் வருவானோ மாட்டானோ. அது வரைக்கும் இந்தப் பக்கம் நானே ஒக்காந்துக்கிறேன்" என்றாள் அக்கா.

"ஓரிக்கைக்காரங்க இன்னா, நாம சொல்ற வரைக்கும் காத்துக்கினு இருப்பாங்களா?"

"கேட்டுப் பாரு நைனா. ஒரு வருசந்தான்."

"பொண்ணு வாயால பேசற பேச்சாடி இது?" என்றாள் அம்மா. "ஊரு இன்னா சொல்லும்? பொண்ணுக்கு இஷ்டம் இல்லன்னு சொல்லும்."

பதிலுக்கு மிதிக்கட்டைச் சத்தம் மறுபடி கேட்டது.

எனக்குக் கேட்டதெல்லாம், அவள் இன்னும் ஒரு வருடம் இங்கேயே இருக்கப் பார்க்கிறாள் என்பதுதான். இன்னும் ஒரு வருடம் பீச்சாங்கை தம்பி. பங்குனி உத்திரத்தன்று ஏகாம்பரநாதர் கோயிலில் சுவாமிக்கும் அம்மனுக்கும் கல்யாணம். கூட்டத்தில் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்று இரண்டு வேண்டுதல் வைத்தேன். பரீட்சையில் முதலாவதாக வர வேண்டும். அக்காவுக்கு இந்த வைகாசியிலேயே கல்யாணம் ஆகிவிட வேண்டும். சுவாமி இரண்டையுமே தட்டாமல் நடத்தி வைத்தார்.

கணக்குப் பரீட்சையில் ஒரு கணக்கு போட வராமல், கண்ணை மூடி மிதிக்கட்டைச் சத்தத்தை நினைத்துக்கொண்டபோது வாய்ப்பாடு வரிசையாக வந்தது. அக்காவின் குரலில்தான் வந்தது. அவள் மேல் கோபமாக இருந்ததால் அதை நான் கணக்கில் சேர்த்துக்கொள்ளவில்லை.

முதலாவதாகவே வந்தேன். தலைமையாசிரியர் வழியில் அப்பாவை நிறுத்தி, "பரீட்ச முடிஞ்சிதேப்பா?" என்றார்.

"கல்யாணம் முடியட்டும் சார்" என்றார் அப்பா.

அதுவும் நியாயமாகத்தான் பட்டது. கல்யாண வீட்டில் ஹைஸ்கூலைப் பற்றி யார் பேசுவார்கள்?

கல்யாணத்துக்கு முசரவாக்கத்து அத்தை வந்திருந்தாள். பையன் வரவில்லை. சாப்பாட்டுப் பந்தி முடிந்ததும் அப்பா அவளிடம் மெதுவாக ஏதோ கேட்டார். "இல்லண்ணா, அவன சைக்கிள் கடையில சேத்து வுட்டுட்டோம். அவருக்குத் தெரிஞ்ச கட. நல்லா கத்துக்கினு வர்றான்" என்றாள் அத்தை.

"சரிம்மா" என்றார் அப்பா. வெகுநேரம் வெற்றிலையை மென்றுகொண்டு பந்தலின் கீற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு முசரவாக்கத்துப் பையன் மேல் ஒரே பொறாமை. இனி வாடகை சைக்கிளில் காசு கொடுக்காமல் ஊரெல்லாம் சுற்றுவானே.

அக்காவை ஓரிக்கைக்கு அழைத்துப் போகக் குதிரை வண்டி வந்து நின்றது. அம்மா அழுதாள். அப்பா உள்ளேயே இருந்தார். வண்டியில் ஏறப் போனவள் எதையோ மறந்தவள்போல மறுபடி வீட்டுக்குள் போனாள். நான் பின்னாலேயே போனேன். தறியில் துணி போட்டு மூடியிருந்தது. அவள் மாடத்திலிருந்து மஞ்சள் பெட்டியை எடுத்தாள். முந்தானையால் தூசியைத் துடைத்தாள்.

"இந்தா. உன்னோடது."

கல்யாணம் நடந்துவிட்டதால் எனக்குக் கோபம் போய்விட்டிருந்தது. ஒத்திகையில் சொன்னபடி வலது கையை நீட்டி ஒழுங்காக வாங்கிக்கொண்டேன்.

அக்கா போகவில்லை. வெளியே கூப்பிட்டார்கள், அப்போதும் போகவில்லை. பெட்டியைப் பிடித்திருந்த என் வலது கையையும், மூடிய தறியின் இடது பக்கத்தில் தான் உட்காரும் இடத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றாள். உள்ளே ஏதாவது குறைகிறதா என்று நான் திறந்து பார்த்துச் சொல்லட்டும் என்று காத்திருக்கிறாள் போல என நினைத்தேன். அவளை வெகுநேரம் நிற்க வைக்கக் கூடாது என்று அவசரமாகத் திறந்து பார்த்தேன். காம்பஸ், டிவைடர், பாதி வட்டம், அளவுகோல், ஒரு பென்சில்.

"எல்லாம் இருக்குதுக்கா" என்றேன்.